சுழலும் கையை விற்றுவிட்டேன்

வீட்டில் பீர் காய்ச்சும்போது, தானியம் ஊறும் பாத்திரமான மேஷ் டன்னுக்கு மேல் மாட்டிச் சுழலவிட்டு வெந்நீர் தெளிக்கும் ஸ்பார்ஜ் ஆர்மை விற்றுவிட்டேன். வாங்க வந்த தம்பி இப்போதுதான் ஆல் கிரெய்ன் பக்கம், அதாவது முழுக்கத் தானியத்திலிருந்தே காய்ச்சும் பக்கம், வருகிறான். “நல்லா இல்லன்னுதான் விக்கிறீங்களா அண்ணா?” என்று கேட்டான். நல்ல சாமான்தான். லண்டன் தண்ணீருக்கும் என் ஞாயிற்றுக்கிழமைக்கும்தான் அது ஒத்துவரவில்லை. வாசலில் நின்றபடி அவனுக்குச் சொன்னது அரைகுறை, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து (இதுதான் மேஷ்), சர்க்கரை இறங்கிய நீரை வடித்தபிறகும் தானியம் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதிலிருக்கும் சர்க்கரையைக் கழுவி எடுப்பதுதான் ஸ்பார்ஜிங். தேங்காயில் முதல் பால் எடுத்தபின் வெந்நீர் விட்டு இரண்டாம் பால் பிழிகிறோமே, அந்தக் கணக்குதான். கழுவும் விதத்தில்தான் சண்டை.

சுழலும் கையால் செய்யும் ஃப்ளை ஸ்பார்ஜில் மேலே வெந்நீர் மெல்லத் தெளிக்கும், கீழே அதே வேகத்தில் வோர்ட், அதாவது சர்க்கரை இறங்கிய நீர், இறங்கும். தானியத்துக்கு மேல் ஓரிரு அங்குலம் நீர் எப்போதும் நிற்க வேண்டும். அவசரப்பட்டால் நீர் ஒரே தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், மற்ற இடத்துச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். அதனால் ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல், இரண்டு குழாய்களையும் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பலன் உண்டு. மால்ட்டிலுள்ள சர்க்கரையில் 80 முதல் 85 சதவீதம் வரை எடுத்துவிடலாம். டன் கணக்கில் மால்ட் வாங்கும் பீர் ஆலைக்கு அது பெரிய பணம். எனக்கோ, வேறு முறையில் 10 சதவீதம் குறைந்தாலும் 5 கிலோ மால்ட்டில் அது அரைக் கிலோதான், விலை ஒரு பவுண்டு சொச்சம். ஒரு மணி நேரத்தை அந்த விலைக்கு விற்க எனக்கு மனமில்லை.

நேரத்தைவிடப் பெரிய காரணம் தண்ணீர். லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது, கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். மேஷ் நடக்கும்போது மால்ட்டே பிஎச் அளவை (குறைந்தால் அமிலத்தன்மை, ஏறினால் காரத்தன்மை) 5.4 பக்கத்தில் இழுத்துப் பிடித்திருக்கும். ஃப்ளை ஸ்பார்ஜின் கடைசிப் பகுதியில் தானியத்தில் சத்தே இருக்காது, குழாய்த் தண்ணீரின் காரத்தன்மைதான் ஆளும். வடியும் நீரின் கிராவிட்டி (சர்க்கரை அடர்த்தி, வெறும் நீர் 1.000) 1.010-க்குக் கீழே போய், பிஎச் 6-ஐ நெருங்கினால் உமியிலிருந்து டானின் கரையத் தொடங்கும். பீரில் துவர்ப்பு ஏறிவிடும், வாரக்கணக்கில் வைத்திருந்தாலும் அது முழுதாகப் போகாது. பலர் வெந்நீரின் சூட்டை மட்டும் குறை சொல்கிறார்கள். 77 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் செக் நாட்டில் டிகாக்‌ஷன் முறையில் மேஷின் ஒரு பகுதியை உமியோடு கொதிக்கவே வைக்கிறார்கள், அந்த லாகர் பீர் ஒன்றும் துவர்ப்பதில்லை. அங்கே பிஎச் தாழ்ந்தே இருக்கிறது, அதுதான் விஷயம்.

நான் வந்து நின்ற இடம் பேட்ச் ஸ்பார்ஜ். மேஷ் டன்னாக ஒரு பிக்னிக் கூலர் (சூடு காக்கும் பெட்டி), அடியில் ஸ்டீல் வலை பின்னிய குழாய், ஒரு வால்வு, அவ்வளவுதான். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சும் டென்னி கான் பரப்பிய மலிவு ஏற்பாடு இது. முதல் நீரை முழுக்க வடித்துவிட்டு, வெந்நீரை ஒரே தடவையில் ஊற்றி, நன்றாகக் கிளறி, முதல் ஒன்றிரண்டு லிட்டரைத் தெளியும் வரை திரும்ப மேலே ஊற்றி, மறுபடி வடிக்க வேண்டும். இரண்டு வடிப்பும் ஒரே அளவாக இருந்தால் பலன் அதிகம். 5 கிலோவுக்கு 18 லிட்டர் ஊற்றினால் 13 வரும். அப்புறம் 13 ஊற்றினால் 13 வரும். ஆகக் கொதிகலனில் 26. கிராவிட்டி காட்டும் என் ஹைட்ரோமீட்டரில் முதல் வடிப்பு 1.070-ஐச் சுற்றியும் இரண்டாவது 1.025-ஐச் சுற்றியும் நிற்கும். கவனியுங்கள், 1.010 பக்கமே நாம் போவதில்லை. இருந்தாலும் பிஎச் ஏறாமலிருக்க வெந்நீரில் கொஞ்சம் லாக்டிக் அமிலம் விடுகிறேன், குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்க அரை கேம்ப்டன் மாத்திரை. ஸ்காட்லாந்தில் இருந்திருந்தால் அமில பாட்டிலைத் தொட்டே இருக்க மாட்டேன், அங்கே பல ஊர்களில் தண்ணீர் அவ்வளவு மென்மை. மேலிருந்து நீர் தெளிக்கும் வழக்கம் ஸ்காட்லாந்திலிருந்துதான் தெற்கே பரவியது. அந்தத் தண்ணீரை நினைத்தால் ஆச்சரியமில்லை.

ஆஸ்திரேலியர்கள் கண்டுபிடித்த பை முறையையும் அந்தத் தம்பி கேட்டான். மால்ட்டைப் பையில் போட்டு, முழு நீரையும் முதலிலேயே ஊற்றி, ஊறியபின் பையைத் தூக்கிவிடலாம், கழுவவே வேண்டாம். சின்ன அளவுக்கு அருமை. ஈரத்தோடு 10 கிலோ வரும் பையைச் சூடான பாத்திரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்க என் தோள்பட்டை சம்மதிக்காது, என் சமையலறைக் கூரையில் கொக்கி மாட்ட வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார்.

ஒரே ஒரு சமயத்தில் இந்தக் கணக்கையெல்லாம் மாற்றுவேன். பார்லிவைன் மாதிரி கனமான பீர் என்றால் முதல் வடிப்பை மட்டும் அதற்கு எடுத்துக்கொண்டு, இரண்டாவதைத் தனியாகக் கொதிக்கவைத்து லேசான பிட்டர் வகை பீர் ஆக்கிவிடுவேன். லண்டன் சிஸ்விக்கில் ஃபுல்லர்ஸ் பீர் ஆலையில் ஒரே மேஷின் வடிப்புகளை வெவ்வேறு விகிதத்தில் கலந்துதான் லண்டன் பிரைடு, ஈஎஸ்பி என்ற இரண்டு பீரையும் எடுத்தார்கள். அதைச் செய்ய இரண்டு பாத்திரம், கசப்புக்குப் போடும் ஹாப் பூவுக்கு இரண்டு கணக்கு, வீட்டில் பொறுமையுள்ள ஓர் ஆள் எல்லாம் வேண்டும்.

தம்பிக்கு ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. கூலர் வாங்கும்போது வால்வை முழு அளவில் வாங்கு, வடிக்கத் தொடங்கும்போது மட்டும் பாதியளவு திற. தானியம் படிந்தபின் முழுக்கத் திறந்துவிடலாம்.