பூட்டு, சாவி, அப்புறம் தேசிகரின் குதிரை

ஒரு கேக். மேலே முப்பது கட்டம். சில கட்டங்களில் மண்டையோடு, சிலவற்றில் கல்லறைக் கல், மீதியில் வெறும் க்ரீம். இதை ஆறு பங்காக வெட்ட வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் இரண்டு மண்டையோடு, இரண்டு கல்லறை, ஒரு வெறும் கட்டம் இருக்கணும், அந்த ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே துண்டாக வரணும். 1993-இல் வந்த ‘தி செவன்த் கெஸ்ட்’ என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆரம்பத்திலேயே நம்மைப் பிடித்து உட்கார வைத்துவிடும் புதிர் இது. நான் அதை ஆடியது பல வருஷம் கழித்துத்தான், பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக் குவியலுக்கு நடுவில் கிடந்த இரண்டு சிடியைப் பேரம் பேசி வாங்கி வந்து. கேக்கை வெட்டி முடித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே ஒரு கேள்வி வந்தது: சரி, இதை நான் எதற்கு வெட்டினேன்?

விளையாட்டு சொல்லும் பதில் ரொம்பச் சின்னது. கதை நடக்கும் பேய் பங்களாவைக் கட்டிய ஸ்டாஃப் என்கிற பொம்மைக்காரனுக்குப் புதிர்ப் பைத்தியம், அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த அறையில் எதை வேண்டுமானாலும் வைத்துவிடலாம். ஓர் இடத்தில் எட்டு ராணிகள் வரும். சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி நிறுத்த வேண்டும். 1848-இல் மாக்ஸ் பெஸல் என்கிற ஜெர்மன்காரர் கேட்டு வைத்த கேள்வி இது. மொத்தம் 92 விடை, பலகையைத் திருப்பினாலோ கண்ணாடியில் காட்டினாலோ ஒன்றாகிவிடுவதையெல்லாம் கழித்தால் 12. அருமையான கணக்கு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் பென்சிலால் செய்தாலும் அதே கணக்குதானே? பங்களா, பேய், இருட்டு, இசை எதுவும் அதில் ஒரு குண்டுமணி அளவுகூடச் சேர்க்கவில்லை. இந்த வகையை நான் பூட்டு-சாவி விளையாட்டு என்று சொல்வேன். கதவு பூட்டியிருக்கிறது, வாரப் பத்திரிகைப் புதிர் ஒன்றைப் போடு, கதவு திறக்கும், அடுத்த கதவுக்குப் போ.

அதே பங்களாவில் டப்பாக்கள் அடுக்கிய அலமாரி ஒன்று வரும். டப்பாக்களில் இருக்கும் எழுத்துகளை மாற்றி மாற்றி வைத்து ஓர் ஆங்கில வாக்கியம் ஆக்கணும், அதில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஒன்றுகூட கிடையாது, இருப்பதெல்லாம் ஒய் மட்டும். இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தலையைச் சொறியும் இடத்தில் திருப்பாதிரிப்புலியூரில் தமிழ் மீடியம் படித்தவன் என்ன செய்வான்? பங்களா நூலகத்துக்குப் போய்க் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். அது இரண்டு தடவை துப்பு கொடுக்கும், மூன்றாம் தடவை கேட்டால் புதிரையே முடித்துக் கொடுத்துவிடும். ‘உன்னால் முடியாது, பரவாயில்லை, மேலே போ’ என்று விளையாட்டே சொல்கிற அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருந்தது.

பூட்டு-சாவியைவிட மோசமான வகை ஒன்று உண்டு, புதிர் மாதிரி இருக்கும் ஆனால் புதிரே கிடையாது. 1999-இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’-இல் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க நண்பர் ஒருவரைப் போல வேஷம் போடணும். நண்பருக்கு மீசையே கிடையாது. அதனால் என்ன செய்கிறோம் என்றால், டேப் ஒட்டிப் பூனையின் முடியைப் பிடுங்கி, பாகு தடவிப் பொய் மீசை ஒட்டிக்கொண்டு, அப்புறம் அவருடைய பாஸ்போர்ட் போட்டோவிலும் பேனாவால் ஒரு மீசை வரைகிறோம்! இதை யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று எவனாவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இந்த மாதிரி இடத்தில் வாக்த்ரூ, அதாவது விடையையெல்லாம் வரிசையாக எழுதி வைத்த குறிப்பு, பார்ப்பது ஒரு பாவமும் இல்லை.

இப்போது ரிவன். மிஸ்ட் விளையாட்டின் இரண்டாம் பாகம், 1997, மொத்தம் ஐந்து சிடி. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் சிடியை எடுத்து மாற்றிப் போட வேண்டிய காலம். (இன்னும் ஆடாதவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.) அக்கா பையன் ஒன்பதாவது முடித்துவிட்டு மே மாச லீவுக்கு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில்தான் கிடந்தான். போனில் சுடுகிற விளையாட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத பையன். வெயிலில் வெளியே போக முடியாத ஒரு மதியம் அவனை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து ரிவனைப் போட்டுக் கொடுத்தேன். சுற்றிச் சுற்றி, கிராமத்துப் பள்ளிக்கூட அறைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே பிள்ளைகள் விளையாடும் ஒரு மர பொம்மை. கயிற்றில் சின்ன ஆள் தொங்குகிறான், கீழே வாயைத் திறந்துகொண்டு ஒரு கடல் மிருகம். திருகினால் ஏதோ ஒரு குறி தெரியும், ஆள் கொஞ்சம் கீழே இறங்குவான்.

“மாமா, இது ஒண்ணாங்கிளாஸ் பசங்க பொம்மை. இதுல என்ன இருக்கு?”

“திருப்பித் திருப்பிப் பாரு” என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. நாலைந்து முறை திருகினான். அப்புறம் சட்டென்று நிறுத்தி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து குறிகளை வரைய ஆரம்பித்தான். ஆள் எத்தனை படி இறங்குகிறானோ அதுதான் அந்தக் குறியின் எண். ஒன்றுக்கு நிற்கும் கோடு. ஐந்து வந்தபோது அதே கோடு படுத்திருந்தது. ஆறில் இரண்டும் சேர்ந்து கூட்டல் குறி மாதிரி. “ஒண்ணைத் திருப்பிப் போட்டா அஞ்சு, அப்போ ரெண்டைத் திருப்பிப் போட்டா பத்து” என்று பொம்மை காட்டுவதற்கு முன்பே சொன்னான். பொம்மை பத்தோடு நின்றுவிடும், அதற்கு மேலே 24 வரை நாமே ஊகிக்கணும். நாம் பத்து பத்தாக எண்ணுகிற மாதிரி அவர்கள் இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணுகிறவர்கள். இதில் இன்னொரு நுணுக்கம், கடைசியில் அந்தக் குறிகளை வைத்துத் திறக்க வேண்டிய பூட்டின் எண் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும், ஆகவே யாரோ எழுதி வைத்ததைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது, எண்ணத் தெரிந்தால்தான் ஆச்சு. சாயந்திரம் அக்கா வந்து, “லீவுல கூட கணக்கு போடறானேன்னு பூரிச்சுப் போயிட்டேன், பார்த்தா இதுவாடா?” என்றாள்.

ஆனால் எனக்கு முக்கியம் அதற்கு அப்புறம் அவன் கேட்டது. “மாமா, அப்போ இந்த ஊர்ல நெஜமாவே ஆளை இப்படித் தொங்க விட்டிருக்காங்களா?” ஆமாம். கொஞ்ச தூரம் போனால் ஏரிக்கு மேலே அந்தத் தூக்குச் சட்டமே நிற்கும். தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன் அந்த ஊரை ஆள்கிறான், சொல்பேச்சுக் கேட்காதவர்களை மிருகத்துக்குப் போடுகிறான், அந்தப் பயத்தையே எண் கற்றுத்தரும் பொம்மையாகச் செய்து பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறான். ஒரு வசனம் இல்லை, ஒரு ஆள் வந்து விளக்கவில்லை. ஒன்று இரண்டு எண்ணக் கற்றுக்கொண்டபோதே அந்த ஊர்க் கதையும் உள்ளே இறங்கிவிட்டது. நல்ல புதிர் விளையாட்டுக்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: விடை கிடைத்தால் கதவு மட்டும் திறந்தால் போதாது, அந்த விடையே நமக்கு எதையாவது சொல்லணும்.

இதைக் கம்ப்யூட்டர்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இங்கே கடலூர் பக்கத்தில் கடிலம் கரையில் திருவந்திபுரம் இருக்கிறது. முகூர்த்த நாளில் போனால் சாமியைவிடக் கல்யாண ஜோடிகள்தான் கண்ணில் படுவார்கள். வேதாந்த தேசிகர் (1268–1369) பல காலம் வாழ்ந்த ஊர் அது. அவர் ரங்கநாதரின் பாதுகையைப் பற்றிப் பாடிய பாதுகா ஸஹஸ்ரத்தில் சித்திர கவிகளுக்கென்றே, அதாவது எழுத்துகளைக் கட்டத்திலும் படத்திலும் அடுக்கி விளையாடும் பாட்டுகளுக்கென்றே, ஒரு பகுதி வைத்திருக்கிறார். அதில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்தையும் எட்டெட்டாக நாலு வரிசையில் எழுதினால் பாதிச் சதுரங்கப் பலகை வரும். முதல் கட்டத்தில் குதிரையை வைத்து, எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் எல்லாக் கட்டத்துக்கும் தாண்ட வைத்து, அது மிதித்த எழுத்துகளை வரிசையாகப் படித்தால் இன்னொரு முழு சுலோகம், அர்த்தத்தோடு! குதிரையைப் பலகை முழுக்கத் தாண்ட வைக்கும் புதிர் இன்றும் ஏகப்பட்ட விளையாட்டுகளில் வருகிறது, தாண்டி முடித்தால் டிங் என்று ஒரு சத்தம், ஒரு கதவு, முடிந்தது. தேசிகர் கணக்கில் குதிரை போன பாதையே பாட்டு. சுமார் 700 வருஷத்துக்கு முந்தைய ஆளிடம் இன்றைய கேம் டிசைனர்கள் பாதிப் பேர் பாடம் படிக்கலாம் என்பது என் கட்சி.

ரிவனுக்கு அப்புறம் அந்த அளவுகோலில் எனக்கு முழுசாகத் தேறியது ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’, 2018, லூகாஸ் போப் கிட்டத்தட்ட தனி ஆளாகச் செய்தது. காணாமல் போன கப்பல் ஒன்று 1807-இல் ஆளே இல்லாமல் கரைக்குத் திரும்பி வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்சூரன்ஸ் அதிகாரி. கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், யாருக்கு என்ன ஆச்சு என்று புத்தகத்தில் நிரப்ப வேண்டும். ஊகத்தில் அடித்துவிட முடியாது, மூன்று பேர் விஷயம் முழுசாகச் சரியாக இருந்தால்தான் அதை உறுதி செய்யும். பேச்சின் வாடை, தொங்கு படுக்கையில் எழுதிய எண், போட்டிருக்கும் காலணி, யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், இதையெல்லாம் வைத்துத்தான் பெயரைப் பிடிக்கணும். அதனால் கடைசியில் ஒவ்வொருவரும் தெரிந்த மனுஷர் ஆகிவிடுகிறார்கள். பட்டியலில் இந்தியாக்காரர்களும் உண்டு. எங்களுக்குக் கூடுதலாக ஒரு குறுகுறுப்பு: தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச்சுக்குப் போகும்போது இடிந்து கிடக்கிற செயின்ட் டேவிட் கோட்டை அதே கம்பெனியுடையது, 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது தென்னிந்தியாவில் கம்பெனிக்குத் தலைமையிடமே இதுதான். அக்கா பையன் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ இன்சூரன்ஸ் ஆபீஸ் இங்கயும் இருந்திருக்குமா மாமா?” என்றான். அவன் கவலை அவனுக்கு.

‘தி விட்னஸ்’ (2016) பற்றி எல்லோரும் ஆகா ஓகோ என்பார்கள். ஐந்நூறுக்கும் மேல் கோடு இழுக்கும் புதிர், ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது, புதிரே அடுத்த புதிரின் விதியைக் கற்றுத்தரும். அந்தக் கற்பித்தல் அபாரம்தான். ஆனால் பாதிக்கு மேல் எனக்கு அலுத்துவிட்டது. கற்றுக்கொண்டதை வைத்து மறுபடியும் கோடுதான் இழுக்கிறோம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ‘மெஷினாரியம்’ போடுங்கள், செக் நாட்டுக்காரர்கள் 2009-இல் செய்தது. துருப்பிடித்த ரோபோ, கையால் வரைந்த ஊர், வசனமே கிடையாது, எல்லாம் படத்திலேயே பேசிக்கொள்வார்கள், இங்கிலீஷ் தடங்கல் இல்லை. பழைய விளையாட்டுகளுக்குப் பெரிய மெஷின் தேவையில்லை, ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் போதும். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே ரிவனும் செவன்த் கெஸ்ட்டும் ஓடும், விளையாட்டின் ஃபைல்கள் மட்டும் கையில் இருக்கணும். ரிவனை 2024-இல் முழுக்கப் புதிதாகவும் செய்திருக்கிறார்கள், நினைத்த பக்கமெல்லாம் நடக்கலாம், சில புதிர்களையும் மாற்றிவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கிராபிக்ஸ் கார்டு கேட்கும். நான் பழையதைத்தான் முதலில் ஆடச் சொல்வேன், பக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு.