டோமை நிரப்புவது சுலபம், காலி செய்வதுதான் பெரிய வேலை

கான்கிரீட் டோம், அதாவது சரக்கைக் குவித்துச் சேமிக்கும் அரைக்கோள வடிவக் கிடங்கு என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை டன் பிடிக்கும் என்றுதான். எனக்கு முதலில் வரும் கேள்வி, போட்டதில் எத்தனை டன் தானாக வெளியே வரும்?

கட்டும் முறை ரொம்ப அழகு. வட்ட அஸ்திவாரத்தின் மேல் ஒரு பெரிய பலூன் துணியைக் காற்றடித்து நிமிர்த்தி, உள்ளேயிருந்தே பாலியூரித்தேன் நுரை தெளித்து, கம்பி கட்டி, ஷாட்கிரீட் (குழாய் வழியே வேகமாகப் பீய்ச்சும் கான்கிரீட்) அடிப்பார்கள். சவுத் சகோதரர்கள் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1970களில் இப்படிக் கட்டிய முதல் டோம் உருளைக்கிழங்கு சேமிப்பதற்காகத்தான். கிளிங்கரோ (சிமென்ட்டாக அரைப்பதற்கு முந்தைய கட்டிகள்) கோதுமையோ, உச்சியிலிருந்து கொட்டினால் தானாகவே கூம்பாகக் குவியும், கூரையும் அதே சாயலில் இறங்குவதால் மேலே வீணாகும் இடம் குறைவு.

சரி, ஒரு கணக்கு போடுவோம். சரியான அரைக்கோள டோம், கொட்டினால் 30 டிகிரி சரிவில் குவிந்து நிற்கும் சரக்கு. உச்சி வரை கொட்டினால் கொள்ளளவில் 87.5 சதவீதம் நிறைகிறது. அப்புறம் தரையின் நடுவில் ஒரே ஒரு வாயைத் திறந்து, கீழே சுரங்கத்தில் ஓடும் கன்வேயரில் விழ விடுங்கள். புனல் மாதிரி பள்ளம் விழுந்து, அதன் சரிவும் 30 டிகிரிக்கு வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். அப்போது சுவரை ஒட்டி மிஞ்சுவது டோமின் கொள்ளளவில் சரிபாதி, அதாவது போட்ட சரக்கில் 57 சதவீதம்! முதல் தடவை இந்த விடை வந்தபோது நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான்.

அதனால்தான் சுரங்கத்தின் நீளத்துக்கும் பல வாய்கள் வைக்கிறார்கள், மீதியை லோடர் வண்டி உள்ளே போய்த் தள்ளும். நடுவிலிருந்து தரையைச் சுற்றிவரும் பெரிய திருகு, சரக்கை மையத்துக்கு இழுத்து வருவது இன்னொரு வழி. சிமென்ட், ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரிந்த நுண்சாம்பல்) போன்ற மாவுச் சரக்கு என்றால் தரைக்கு அடியிலிருந்து காற்றை ஊதினால் போதும், தண்ணீர் போல ஓடும்.

சுவரோரம் தங்குவது பழைய சரக்கு என்பதையும் மறக்கக் கூடாது. கிளிங்கருக்குப் பரவாயில்லை. நிலக்கரியும், எரிபொருளாகும் மரத்துகள் உருண்டைகளும் கிடக்கக் கிடக்க உள்ளுக்குள்ளேயே சூடேறும். இங்கிலாந்தின் டிராக்ஸ் மின் நிலையத்தில் 4 டோம்களில் சுமார் 3 லட்சம் டன் உருண்டைகள் வைக்கலாம், அந்த அளவில் எங்கோ நடுவில் கனன்றால் வெளியே தெரியாது. ஆகவே இப்படிப்பட்ட சேமிப்பில் வெப்பமானி கேபிள்களைக் குவியலுக்குள் தொங்கவிட்டு, கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு ஏறுகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் கனலை அடக்க நைட்ரஜன் செலுத்துகிறார்கள்.

சில சமயம் சரக்கு இறுகி, மேலே கெட்டியான தரை போலத் தெரியும், அடியில் வெற்றிடமாக இருக்கும். கன்வேயர் ஓடினாலும் நின்றாலும் அதன் மேல் யாரும் ஏறவே கூடாது. ஏறியவர் சில நொடிகளில் புதைந்துவிடுவார்.