நாரதர் படத்துக்குக் கீழே பபூன்

பங்குனி பிறந்தால் எங்கள் அச்சகத்தில் முதலில் தீர்வது ரோஸ் தாள். அடுத்தது மஞ்சள். வெள்ளைத் தாளில் திருவிழா நோட்டீஸ் அடித்தால் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காது. "கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கிறதே" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே மேசையைப் போட்டுக்கொண்டு 22 ஆண்டுகளாகப் புரூஃப் பார்க்கிறேன். எந்த ஊரில் என்றைக்குக் காப்புக் கட்டுகிறார்கள், எங்கே முளைப்பாரி, எங்கே கரகாட்டம், எங்கே நாடகம் என்பதெல்லாம் ஒரு வாரம் முன்னதாகவே, மை காயாமல் எனக்கு வந்து சேர்ந்துவிடும். நோட்டீஸைப் படித்ததுமே போய்வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடுவதால், நேரில் போனது குறைவு.

சென்னையில் இருக்கும் தங்கை மகன் போன வாரம் போனில் கேட்டான்: "மாமா, மதுரைக்கு வந்தால் கோயிலைத் தவிர வேறு என்ன நிகழ்ச்சி பார்க்கலாம்? தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை."

எப்படிக் கிடைக்கும்? இந்த ஊரின் நிகழ்ச்சி நிரல் பால் பூத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும். மறுநாள் அதன்மேல் யாருக்காவது கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிடுவார்கள். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

தை மாதத்து ஜல்லிக்கட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றையும் தொலைக்காட்சியே நாள் முழுக்கக் காட்டுகிறது. நான் சொல்வது அதே தை மாதத்துப் பௌர்ணமியில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நடக்கும் தெப்பத் திருவிழாவை. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம். அங்கே மண் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. குளம் வறண்டு, அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய ஆண்டுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் தெப்பம் நிலையிலேயே நிற்கும்; மக்கள் சுற்றி வருவார்கள். தண்ணீர் நிறைந்திருக்கும் ஆண்டில் இருட்டிய பிறகு போக வேண்டும். வடத்தைப் பிடித்துக் கரையிலிருந்து இழுக்க இழுக்க, விளக்குப் போட்ட தெப்பம் நடு மண்டபத்தைச் சுற்றி நகரும்போது, கரையில் சோளக்கதிர் சுடுகிறவன் கூட விசிறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பான்.

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார் என்று அவனுக்குச் சொல்லவில்லை. கூட்டத்தைக் கண்டால் அவனுக்கு மூச்சு முட்டும். தவிர, அந்த விடியற்காலையில் நான் கண்டதெல்லாம் முன்னால் நின்றவரின் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முதுகுதான். முந்தைய நாள், மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வா என்றேன். சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். தோல்பையில் தண்ணீரைச் சுமந்து பீய்ச்சுகிறவர்களும் திரி எடுத்து ஆடுகிறவர்களும் சாலையை நிறைத்திருப்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, ஆற்றில் இறங்கிய மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் நடக்கும் தசாவதாரம். இரவு முழுவதும் அழகருக்கு மச்சம், கூர்மம், வாமனன் என்று வேடம் மாறிக்கொண்டே இருக்கும், விடியும்போது மோகினி. திரை போட்டு மறைத்து உள்ளே அலங்காரம் நடக்கிற அந்த இடைவேளைகளில்தான் திருவிழாவே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத குடும்பம் புளிச்சோற்றைப் பிரித்து நமக்கும் ஒரு உருண்டை நீட்டும்.

ஆவணி மூலத்தில் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா. வந்திக் கிழவியின் உதிர்ந்த புட்டுக்காக மண் சுமந்து, வேலை செய்யாமல் தூங்கிப் பாண்டியனிடம் பிரம்படி வாங்கிய கடவுளின் கதை. அடி ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்தது. கூலிக்காரனாக வந்த கடவுளை எங்கள் அச்சகத்தில் அனைவருக்கும் பிடிக்கும், முதலாளியைத் தவிர. சுவாமியும் அம்மனும் அன்று புட்டுத்தோப்புக்கு எழுந்தருளிவிடுவதால் பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். தெரியாமல் வந்த வெளியூர்க்காரர்கள் சித்திரை வீதியில் முகம் வாடி நிற்பதைப் பார்த்தால் புட்டுத்தோப்புக்கு வழி சொல்லி அனுப்புங்கள். நவராத்திரிக்கு முன்பு விளாச்சேரியில் ஒரு சுற்றுச் சுற்றினால் தெருத் தெருவாகக் கொலுப் பொம்மை காய்வதைப் பார்க்கலாம். திருமலை நாயக்கர் மகாலின் ஒலி-ஒளிக் காட்சியை ஒரு முறை பார்க்கலாம். ஒரு முறைதான்.

இனி நாடகம். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இந்தப் பக்கத்து ஊர்களில் சாமி கும்பிட்டால் ஓர் இரவு வள்ளி திருமணம் வைப்பார்கள். ஸ்பெஷல் நாடகம் என்பது இதன் பெயர். நாடகக் குழு என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் மதுரையிலிருந்து வருவார், வள்ளி புதுக்கோட்டையிலிருந்து, சிரிக்க வைக்கும் பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஒத்திகை இல்லை. சில சமயம் மேடையில்தான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். அப்படியும் நாடகம் நடக்கிறது என்றால், எல்லோருக்கும் பொதுவாகச் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் இருப்பதால்தான். 1867இல் பிறந்து, 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை தொடங்கி, 1922இல் மறைந்த மனிதர். அவர் எழுதிய நாடகத்துக்கு இன்றும் நான் 'வேலன், வேடன், விருத்தன்' என்று ராஜபார்ட் படத்துக்குக் கீழே எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

14 ஆண்டுகளுக்கு முன்பு, மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு 500 நோட்டீஸ். ரோஸ் தாள். எல்லாம் சரியாகத்தான் பார்த்தேன். காப்புக் கட்டும் தேதி, அன்னதானம், மைக் செட்டுக்காரர் பெயர் வரை. நாரதர் படத்துக்குக் கீழே பபூன் பெயரும், பபூன் படத்துக்குக் கீழே நாரதர் பெயரும் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. ஊரெல்லாம் ஒட்டிய பிறகு ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒட்டியாகிவிட்டது தம்பி, இனி என்ன செய்ய? நாடகத்தன்றைக்கு வந்து நாரதரிடம் நீயே சொல்லிவிடு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மந்தையில் மேடை. பள்ளிக்கூட வராந்தாவில் கையகலக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் செருகி வைத்துக்கொண்டு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார் நாரதர். அறுபது வயது இருக்கும். நோட்டீஸை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "முப்பது வருடமாக நாரதர். ஒரு நாளாவது பபூனாக இருக்கட்டும் என்று முருகன் நினைத்துவிட்டான் போல" என்றார். பக்கத்தில் ஜிகினாச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த பபூன் ஒன்றும் பேசவில்லை. நோட்டீஸை மட்டும் வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு மேடையில் அதைப் பிரித்தார். "இதோ, அச்சில் இருக்கிறது. இன்றைக்கு நான்தான் நாரதர். பின்னால் ஒரு பெரியவர் தம்புராவோடு வருவார். அவர் பபூன். சிரித்துவிடுங்கள், பாவம், சிரிக்காவிட்டால் அவருக்குச் சம்பளம் கிடையாது." ஆர்மோனியக்காரர் இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: "நாரதர் என்றால் பாட வேண்டுமே சாமி?" கேட்டுக்கொண்டே சுருதியை ஐந்து கட்டைக்குத் தூக்கிவிட்டார். பபூன் பாட முயன்றதும், குரல் பிளந்து நின்றதும், மிருதங்கக்காரர் அந்தப் பிளவுக்கு ஒரு தீர்மானம் வைத்ததும், யாரும் சொல்லிவைத்துச் செய்ததல்ல. சிரிப்பில் முன்வரிசைக் குழந்தைகள் பாயோடு சரிந்தார்கள். நான் மட்டும் வேப்பமரத்தடியில் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்கு பபூனும் டான்ஸ் ஆடும் பெண்ணும் மோதும் காட்சி முடிந்தது. பாதிக் கூட்டம், குறிப்பாக இளவட்டங்கள், எழுந்து போனது. நானும் செருப்பைத் தேடினேன். அப்போதுதான் நாரதர் வந்தார். ஒரு விருத்தம் பாடினார். அந்தக் குரலுக்கு ஐந்து கட்டை ஒரு பொருட்டே இல்லை. பிறகு தம்புராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்: "மூன்று உலகத்திலும் கலகம் மூட்டுகிறவன் நான். என் நோட்டீஸிலேயே ஒருவர் கலகம் மூட்டிவிட்டார். இன்றைக்கு உண்மையான நாரதர் அதோ, வேப்பமரத்தடியில் இருக்கிறார்." ஊரே திரும்பிப் பார்த்தது. அம்பலகாரர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அப்படித்தான் என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நாடகத்தை விடியும்வரை பார்த்தேன்.

தங்கை மகனுக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: ஒரு மணிக்கு எழுந்து வந்துவிடாதே. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் குருவி விரட்டுவதும், நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கமும், வேடனாகவும் கிழவனாகவும் வந்து முருகன் அவளிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொள்வதும் அதற்குப் பிறகுதான். அன்று எனக்கு முன்னால் ஒரு பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மேடையில் வசனம் வருவதற்கு முன்பே அவர் உதடு அதைச் சொல்லி முடித்துவிடும். கண்கூடப் பாதி மூடியிருந்தது. திடீரென்று வள்ளி, நாரதரின் கேள்விக்கு வழக்கமான பதிலை விட்டுவிட்டு, "முனிவரே, உங்கள் பெயரே உறுதியில்லாதபோது எனக்கு எப்படி வரன் சொல்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "இவள் கெட்டிக்காரி" என்றார். எழுதிய நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம். அதிலிருந்து எங்கே விலகி, எந்தப் பாட்டில் திரும்பி வந்து சேர்கிறார்கள் என்று பார்க்கத்தான் ஊர் விழித்திருக்கிறது.

மூன்றரைக்கு முருகன் வந்தார். அந்த வேடத்தைப் பார்க்கும்போதெல்லாம் திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ் எனக்கு நினைவுக்கு வருவார். 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னை மேடையில், முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனவர். இந்த முருகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, சுமார்தான். ஆனால் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டபோது அந்தக் கட்டிய தொண்டையே அவருக்குக் கைகொடுத்தது.

பங்குனியிலிருந்து ஆடிவரை மேலூர், சிவகங்கை, திருப்பத்தூர்ப் பக்கம் எங்காவது ஓரிடத்தில் நாடகம் இருக்கும். சுவரைப் பார்க்க வேண்டும், அல்லது மைக் செட் கடையில் கேட்க வேண்டும். டிக்கெட் கிடையாது. பாயும் போர்வையும் கொண்டுபோக வேண்டும். பனி இல்லாவிட்டாலும் கொசு உண்டு.

திருமணம் முடிந்து மாலை மாற்றியபோது வெளுத்துவிட்டது. முதல் பஸ்ஸில் நாரதர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அரிதாரத்தைத் துடைத்திருந்தாலும் கண்ணோரத்தில் மை இருந்தது. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒத்தக்கடையில் விழித்து, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனவர் திரும்பிக் கேட்டார்:

"தம்பி, அந்த நோட்டீஸ் மீதம் இருந்தால் எனக்குப் பத்து எடுத்து வையுங்கள்."

ஒரு கட்டே இருந்தது. மறுநாள் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.