பதினாறாம் நாளுக்குப் பிறகு

என் கணவர் மாரடைப்பில் இறந்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எங்களுக்கு ஊர் திருச்சி. எரியூட்டியது காவிரிக்கரையில் உள்ள ஓயாமரி சுடுகாட்டில், சாம்பலைக் கரைத்தது ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில். அந்த நாள்களைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை, ஏனெனில் அவற்றை நடத்தியவர்கள் மற்றவர்கள். அடுப்பு பற்றவைக்காத வீட்டுக்குச் சம்பந்தி வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் சோறு வந்தது. பால் தெளிக்க யார் யார் போவது, கருமாதிக்கு எத்தனை பேருக்கு இலை போடுவது என்பதையெல்லாம் கொழுந்தனார் பார்த்துக்கொண்டார். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், குளிக்கச் சொன்னபோது குளித்தேன்.

துக்க வீட்டுக்கு வந்தவர்கள் விடைபெறும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம் வழக்கம். பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அப்படித்தான் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். யார் எப்போது போனார் என்றே தெரியாமல் வீடு காலியாகி, மாலையில் வாசல் பந்தலைப் பிரிக்க ஆள் வந்தபோது நானும் மகளும் மாமியாரும் மட்டும் இருந்தோம். என்னைப் பொறுத்தவரை துக்கம் தொடங்கியது அன்றைக்குத்தான். அதற்கு முன்பு இருந்தது திகைப்பு.

வளையல் களைவதா, பொட்டை அழிப்பதா என்று பெரியவர்களுக்குள் பேச்சு எழுந்ததையும் சொல்ல வேண்டும். தாலியை மட்டும் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, என் கையாலேயே கழற்றி மகளிடம் கொடுத்தேன். மற்றவை எதற்கும் நான் உடன்படவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. அறுபது வயதைக் கடந்த என் ஒன்றுவிட்ட அக்காள் ஒருத்தி, தனக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். பிறந்த வீட்டிலிருந்து அண்ணன்மார் கொண்டுவந்து போர்த்திய கோடிச் சேலைகளைப் பிறகு அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன். நல்ல பருத்திச் சேலைகள் அவை. பெட்டியில் பூட்டி வைப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

அடுத்து வந்தவை காகிதங்கள். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அது மட்டும் கொழுந்தனார் கையில் முன்பே முடிந்திருந்தது. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரை, வட்டாட்சியரின் ஒப்புதல் என்று ஒவ்வொரு படியாக நகர வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கு, காப்பீடு, மின் இணைப்பின் பெயர் மாற்றம், குடும்ப அட்டையிலிருந்து பெயர் நீக்கம் ஆகிய ஒவ்வொன்றும் ‘அவர் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னது. ஓர் அலுவலகத்தில், விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்று அவரையே அழைத்து வரச் சொன்னார்கள். இறப்புச் சான்றை மேசையில் வைத்தபின்தான் அந்த ஊழியர் தலை நிமிர்ந்தார். இருந்தாலும் இந்த அலைச்சலை நான் வெறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்கும் நேரத்தில் அழுகை வருவதில்லை. எந்த நகலில் யாருடைய சான்றொப்பம் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த பொழுதுகளில்தான் பல நாள்களாக விடாதிருந்த தலைவலி விட்டது.

வாரிசுச் சான்று எனக்கு எதிர்பாராத ஒன்றையும் காட்டித் தந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் மனைவி, மக்களோடு தாயும் சேர்த்தி. எனவே படிவத்தில் என் மாமியாரின் பெயரும் வர வேண்டும். அதுவரை, இறந்தவர் என் கணவர், என் மகளின் அப்பா என்ற இரண்டு உறவுகளையே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். எண்பதை நெருங்கிய அந்தத் தாய்க்குக் கட்டிலின் ஓரத்தில் ஓர் இடம் கிடைத்ததோடு சரி. படிவத்தில் கையெழுத்திடும்போது அவர், “என் பேரும் உண்டாம்மா?” என்று கேட்டார். உண்டு அத்தை என்றேன்.

அவர் லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர். மகன் இறந்த அன்று அவர் குரலெடுத்தபோது, அடுக்குமாடிக் குடியிருப்பில் மற்றவர்களுக்குச் சங்கடம் என்று உறவுக்காரப் பையன் ஒருவன் மெதுவாகச் சொல்ல, அத்தோடு நிறுத்திவிட்டார். ஒரு மாதம் கழித்து, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு பிற்பகலில், அரிசி புடைத்தபடியே பாடத் தொடங்கினார். மகன் பிறந்த ஆண்டின் வெள்ளம், அவன் படிப்புக்காக விற்ற மாடு, முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த புடவை, கடைசியாக எமனிடம் ஒரு வசவு என்று, அது ஒரு முழு வாழ்க்கை வரலாறாகவே வந்தது. என் கணவரைப் பற்றி அதுவரை நான் அறியாத செய்திகளை அந்தப் பாட்டில்தான் கேட்டேன். முடிந்ததும் முறத்தை வைத்துவிட்டுக் காப்பி கேட்டார். அதன் பிறகு அவ்வப்போது பாடினார். நான் எதிரே உட்கார்ந்துகொள்வேன். ஒப்பாரியை நாகரிகக் குறைவாக நினைத்து நகரத்தில் நாம் கைவிட்டதில், அழுவதற்கு இருந்த ஓர் ஒழுங்கான வழியையே கைவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன்.

இதற்கிடையில், துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் உண்டென்ற செய்தியைப் பலர் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். எனக்கு ஏற்பு காலையில் வந்து மாலையில் போயிற்று. பேரம் வரவே இல்லை. என் மகள் அழைத்துச் சென்ற மனநல ஆலோசகர்தான், மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்தப் படிகளை எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்திலிருந்து என்றும், உயிரோடு எஞ்சியவர்கள் அவற்றை வரிசையாக ஏறித்தான் ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை என்றும் விளக்கினார். நெதர்லாந்தில் பணியாற்றிய உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்த வேறொரு விளக்கத்தையும் அவர் சொன்னார். இழப்பை எண்ணி அழுவதும், இழப்பால் வந்த புதிய வேலைகளில் இறங்குவதும் மாறி மாறி நிகழும். இரண்டில் எதிலும் நிலையாகத் தங்காமல் போய்வருவதே தேறும் வழி என்பது அதன் சாரம். மாமியாரின் பாட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் ஒரே வாரத்தில் மாறி மாறிக் கண்டுகொண்டிருந்த எனக்கு அதைப் புரிந்துகொள்ள உதாரணம் தேவைப்படவில்லை.

எல்லோருக்கும் இது தானாகவே தேறிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஏக்கமும் முடக்கமும் ஆறு மாதங்களுக்கு மேலும் அன்றாட வாழ்வைக் குலைத்துக்கொண்டே இருந்தால், அதை நீடித்த துக்கம் என்னும் தனிக் கோளாறாக உலகச் சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2022இல் வெளியிட்ட திருத்தப் பதிப்பில் பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வரையறுத்திருக்கிறது. தூக்கமே இல்லாத ஓர் இரவில் நான் 14416 என்ற எண்ணை அழைத்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். எதிர்முனையில் இருந்த பெண் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா, அருகில் யார் இருக்கிறார்கள், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியை உறவினர் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. இல்லை என்று வாய்விட்டுச் சொன்னதே எனக்கு ஒரு தெளிவாக இருந்தது.

முதல் தீபாவளி எப்படியோ போயிற்று. தலைத்திவசத்தை நாங்களே திட்டமிட்டோம். அம்மா மண்டபத்தில் மகள் எள்ளும் தண்ணீரும் இறைத்தாள், பெண்பிள்ளை செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு மாமியாரே பதில் சொன்னார்.

இப்போது தெரிந்தவர் வீட்டில் இறப்பு நேர்ந்தால் முதல் நாள் போய்த் தலைகாட்டிவிட்டு வருகிறேன். பேசுவதற்கு இருபதாம் நாள் வாக்கில் மறுபடி போகிறேன். அந்த நேரத்தில் அங்கே ஆள் இருப்பதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவேன். அழுதால் அழட்டும் என்று இருப்பேன். கிளம்பும் முன் வாரிசுச் சான்றுக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்பேன். இல்லையென்றால், மறுநாள் காலை பத்து மணிக்கு நானே இ-சேவை மையத்துக்குத் துணைக்கு வருவதாகச் சொல்லி, ஆதார், குடும்ப அட்டை, இறப்புச் சான்று ஆகியவற்றை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன்.