நாற்பது மணி நேர விந்து

"இது உசுரோடதான இருக்கு, டாக்டர்?" என்று அந்த ஆட்டுக்காரர் கேட்டபோது, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே "இருக்குங்க" என்றேன். அதில் பொய் இல்லை. வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் வைத்த துளியில் பத்துக்கு ஆறு அணுக்களாவது நேராக நீந்திக்கொண்டிருந்தன. ஆனால், அவர் கேட்டது அதை அல்ல.

அவருடைய செம்மறிகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்ய நான் கொண்டுவந்த விந்தை எடுத்து 40 மணி நேரம் ஆகியிருந்தது. அதைத் தந்த கிடா இருந்த மந்தை வெகு தொலைவில் இருந்தது. வாகனம் கிடைத்த நாளில் எடுத்ததால் ஒரு நாள் முந்திவிட்டது. முட்டை மஞ்சள் கரு சேர்த்த டிரிஸ் என்னும் பாதுகாப்புக் கரைசலில் கலந்து, குளிர் அதிர்ச்சியில் அணுக்களின் சவ்வு குலையாதபடி, 5 டிகிரிக்கு மெல்ல மெல்ல இறக்கியதில் என் பங்கில் குறையில்லை. ஆயினும், குளிரில் வைத்த செம்மறி விந்தில் ஓட்டம் குறைவதற்கு முன்பே சினைப்படுத்தும் திறன் குறைந்துவிடுகிறது. 24 மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள் என்று பயிற்சிக்கு வருவோரிடம் சொல்பவனே நான்தான். உறைவிந்துக்கு இந்தக் கெடு இல்லை. ஆனால், செம்மறியின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக நெளிந்து கிடப்பதால் விந்தை அதன் முகப்பில்தான் வைக்க முடிகிறது. உறைந்து உருகிய அணுக்களில் பெரும்பாலானவை அந்தத் தடத்தைக் கடப்பதில்லை. வயிற்றில் சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப் என்னும் குழாய்க் கருவி வைத்துக் கருப்பையிலேயே செலுத்தலாம் என்றாலும், பட்டியில் நடக்கிற காரியமா அது?

பருவம் ஒருசேர வருவதற்காகப் பிறப்புறுப்பில் வைத்திருந்த ஹார்மோன் பஞ்சை உருவி 50 மணி நேரம் கடந்து, 12 பெட்டைகளும் பருவத்தில் நின்றன. மூலையில் கட்டியிருந்த அவருடைய கிடா மேலுதட்டைச் சுருட்டி மோப்பம் பிடித்தபடி, கயிறு இறுக இறுக மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தது. "நம்ம கிடாவையே விட்டுப்புடவா?" என்றார். "வேண்டாங்க, பாதி அதோட மக்களாச்சே" என்றேன். எஞ்சியிருப்பதே சில மந்தைகள் என்னும் இனத்தில் அப்பனை மகளுடன் சேர்ப்பது இனத்தைக் காப்பதாகாது. இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், மகள்கள் அல்லாத ஆறையாவது அதனிடம் விட்டிருக்கலாம். அவையும் அதற்கு அயல் அல்ல என்று வாதிடத் தோன்றுகிறது. பதிவேடே இல்லாத மந்தையில் அப்படிச் சொல்ல என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? ஒருவேளை நான் காப்பாற்ற நினைத்தது இனத்தை அல்ல, அவ்வளவு தூரம் சுமந்து வந்த குளிர்பெட்டியைத்தானோ?

மணிக்கணக்கை அவரிடம் சொல்லியிருந்தால் முடிவை அவரே எடுத்திருப்பார். சொன்னால் குழம்பிவிடுவார் என்று அன்று நினைத்தேன். இப்போது பார்த்தால், அவர் தெளிந்துவிடுவார் என்றுதான் அஞ்சியிருக்கிறேன். படிவத்தில் ஓட்டம் 60 விழுக்காடு என்று எழுதினேன். விந்தின் வயதுக்கு அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுத இடம் இருந்தது.

இரண்டு பெட்டைகள் சினை பிடித்தன. ஏறத்தாழ 17 நாள் கழித்து மற்றவை மீண்டும் பருவத்துக்கு வந்தபோது நான் அங்கே இல்லை. கயிற்றை அவிழ்க்க அவர் யாரையும் கேட்கவும் இல்லை.