நகரிப் பக்கத்து நியூரோ வார்டு: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

மாங்காய் பறிப்பு முடிகிறவரை மரத்திலிருந்து விழுந்தவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். கிளை முறிந்து பிட்டமோ குதிகாலோ தரையில் மோத விழுந்தால் பெரும்பாலும் டி-12 (மேல்முதுகின் கடைசி எலும்பு) அல்லது எல்-1 (இடுப்பின் முதல் எலும்பு) தான் நொறுங்கும். விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருக்கும் மேல்முதுகு முடிந்து, வளைந்துகொடுக்கும் இடுப்பு தொடங்குகிற இடம் அது. குதிகாலில் நின்று விழுந்தவர் என்றால் குதிகாலுக்கும் ஒரு எக்ஸ்ரே வேண்டும். முதுகுவலியின் சத்தத்தில் குதிகால் மறந்துபோகும், குதிகால் வீக்கத்தைப் பார்த்து முதுகு மறந்துபோவதும் உண்டு.

எலும்பு உடைந்தது ஒரு கேடு என்றால், ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுவருவது அடுத்த கேடு. உட்கார்ந்ததும் முதுகு முன்னால் வளையும், உடைந்த துண்டு பின்னால் தண்டுவடக் குழாய்க்குள் தள்ளும். கதவுப் பலகையோ பெஞ்சோ போதும். ஒருவர் தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொல்ல, மூன்று பேர் ஒரே பக்கமாக நின்று உடலை மரக்கட்டை மாதிரி ஒன்றாகப் புரட்ட, ஐந்தாமவர் பலகையைத் தள்ளவேண்டும். எண்ணுகிறவர் தலையைப் பிடித்தவர்தான், வேறு யாரும் குரல் கொடுக்கக் கூடாது.

எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர்கள் போடும் புத்தூர் கட்டுக்கு இந்தப் பக்கம் பெரிய பெயர். கை, கால் முறிவுக்கு அங்கே போவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. முதுகெலும்புக்கு மட்டும் வேண்டாம். துண்டு உள்ளே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது விரலுக்குத் தெரியாது, சி.டி. ஸ்கேனுக்குத்தான் தெரியும்.

பி.பி. 80, நாடித்துடிப்பு 50, கை கால் கதகதப்பு என்றால் கழுத்திலோ மேல்முதுகிலோ தண்டுவடம் அடிபட்டு நரம்பு அதிர்ச்சியில் (பி.பி.யும் நாடியும் சேர்ந்து சரியும் நிலை) இருக்கிறார் என்று நினைக்கலாம். ஆனால் முதலில் வயிற்றை ஸ்கேன் செய்துவிட வேண்டும். மண்ணீரல் கிழிந்து ரத்தம் போகிறவருக்கு நாடி சாதாரணமாக வேகமாக ஓடும், ஆனால் தண்டுவடமும் சேர்ந்து அடிபட்டிருந்தால் அந்த வேகம் வராது.

ஜூன் 5, வியாழன்

கழுத்தில் தண்டுவடம் நசுங்குவது பல பேருக்கு வலியே இல்லாமல் நடக்கிறது. தாமதமாக வருவதற்குக் காரணமும் அதுதான். "கை மரத்துப்போகுதா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், பயனில்லை. இப்படிக் கேட்கலாம்: "அண்ணா, நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்தது தெரியாமலே நாலு அடி போயிடுறீங்களா? சட்டைப் பொத்தான் போட யாரையாவது கூப்பிடுறீங்களா? சோறு பிசையும்போது சிந்துதா?" பத்து நொடியில் எத்தனை முறை கையை மூடித் திறக்கிறார் என்று எண்ணினால் இன்னும் தெளிவு. 20 வரவேண்டும். நடுவிரல் நகத்தைச் சுண்டும்போது கட்டைவிரல் மடங்கினால் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேறு காரணம் தேவையில்லை.

ஆந்திராவின் உள்மாவட்டத்திலிருந்து வருபவருக்கு ஒரு கேள்வி கூடுதல்: எந்த போர்வெல் தண்ணீர்? எலும்பில் ஃபுளோரைடு ஏறும் நோயை இந்தியாவில் 1937இல் ஆய்வாளர் ஷார்ட்டின் குழுவினர் விவரித்தது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தை வைத்துத்தான். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்விலும் சுண்ணாம்பு படிந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் கடைசி வரம்பு.

இவர்களுக்கு லேமினெக்டமி (தண்டுவடத்தின் பின்பக்கத்து எலும்பை எடுப்பது) செய்வது தனிப் பாடு. எலும்பு பளிங்கு மாதிரி கெட்டி, டிரில் வழுக்கும், சூடேறும். சலைன் நிற்காமல் ஊற்றி, கடைசி மெல்லிய எலும்புப் படலத்தை வைர பர்ரால் (வைரத்தூள் பதித்த டிரில் முனை) மட்டும் தேய்க்கவேண்டும். தசைநாரும் எலும்பாகி, தண்டுவடத்தின் உறையான டியூராவோடு ஒட்டியிருக்கும். அங்கே பிடித்து இழுத்தால் கிழியும். ஒட்டிய துண்டை அப்படியே விட்டு, சுற்றிலும் எலும்பை எடுத்து மிதக்கவிடுவதே மேல்.

ஜூன் 9, திங்கள்

மூளை ஸ்கேனில் வளையம் மாதிரி மினுங்கும் ஒற்றைப் புள்ளி, முதல் வலிப்பு, வயது முப்பதுக்குள். குடும்பத்தார் "மூளைக்கட்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். இந்த மண்ணில் அந்தப் படத்துக்கு மூன்று பதில்: நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டி, காசநோய்க் கட்டி, நிஜக் கட்டி. முதலிரண்டையும் திறந்து பார்த்தே முடிவுசெய்த காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியதில் பக்கத்து ஊருக்குப் பங்கு பெரிது. இந்தியாவின் முதல் நியூரோசர்ஜரி துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய அதே வேலூர் சி.எம்.சி.யில், பின்னாளில் வி. ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒரே ஒரு புள்ளி, அளவு 20 மி.மீ.க்குள், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளுமளவு வீக்கமில்லை. ஆள் பக்கம்: வலிப்பு உண்டு, ஆனால் நிற்காத தலைவலியும் வாந்தியும் இல்லை, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகவில்லை, உடலில் வேறெங்கும் நோய் இல்லை. இத்தனையும் பொருந்தினால் நாடாப்புழுக் கட்டி என்று கொள்ளலாம், கத்தி வேண்டாம். வலிப்பு மாத்திரை, மூன்று மாதத்தில் மறு ஸ்கேன். பெரும்பாலும் புள்ளி சுருங்கும் அல்லது சிறு சுண்ணாம்புத் துகளாக மிஞ்சும்.

புழு மருந்தான அல்பெண்டசோல் கொடுப்பதானால் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 மி.கி. ஸ்டீராய்டு முந்திக்கொள்ளவேண்டும், ஏனென்றால் புழு சாகும்போதுதான் சுற்றிலும் வீங்கும். கண் மருத்துவரிடம் அனுப்பாமல் ஆரம்பிக்கவே கூடாது. கண்ணுக்குள் ஒரு புழு செத்தால் பார்வையே போகலாம்.

"நாங்க பன்றிக்கறியே தொடமாட்டோமே" என்பது வழக்கமான ஆட்சேபம். கறி தின்றவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. அவருடைய மலத்திலிருந்து முட்டை கீரைக்கும் தண்ணீருக்கும் சமைப்பவர் கைக்கும் வந்து, சுத்த சைவக்காரர் தலைக்கும் ஏறும்.

20 மி.மீ. தாண்டி, ஓரம் கரடுமுரடாக, மார்பு எக்ஸ்ரேயிலும் ஏதாவது இருந்தால் காசநோய் பக்கம் சாய்வு. ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் (புள்ளியிலுள்ள வேதிப்பொருள்களை எம்.ஆர்.ஐ.யிலேயே அளப்பது) கொழுப்பு முனை தூக்கினால் காசம், கோலின் முனை தூக்கினால் கட்டி. இது சாட்சிதான், தீர்ப்பல்ல. லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்று) சந்தேகம் எழுந்தால் பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டைத் தொடாதீர்கள். கட்டி ஸ்கேனிலிருந்தே கரைந்து மறைந்து, எடுத்த சதையில் விடை கிடைக்காமல் போகும்.

ஜூன் 10, செவ்வாய்

நாளைக்கு மெனிஞ்சியோமா (மூளை உறையில் வளரும் கட்டி) ஆபரேஷன். ஆஸ்பிரின் ஏழு நாளுக்கு முன்பே நிறுத்தியாயிற்றா என்று இன்று கேட்பது தாமதம், ஆனாலும் கேட்கவேண்டும். டெக்சா (டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு) போகும்போது சர்க்கரையைத் தினமும் பார்க்கவேண்டும்.

மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிடால் 20 சதவீதம், கிலோவுக்கு அரை கிராமிலிருந்து 1 கிராம். 60 கிலோ ஆளுக்கு 150 முதல் 300 மி.லி., 15–20 நிமிடத்தில். ஏ.சி. அறையில் பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி படிகம் நிற்கும். வெளிச்சத்தில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். வெந்நீரில் வைத்துக் குலுக்கி, முழுதும் கரைந்து, உடல் சூட்டுக்கு ஆறியபின், ஃபில்டர் வைத்த செட்டில் ஏற்றுவது. சிறுநீர்க் குழாய் இல்லாமல் ஏற்றினால் மயக்கத்திலேயே சிறுநீர்ப்பை நிறையும்.

தலையை அசையாமல் பிடிக்கும் மூன்று ஊசி கிளாம்ப்: பெரியவர்களுக்கு 60–80 பவுண்டு அழுத்தம். காதுக்கு மேலுள்ள மெல்லிய எலும்பிலும் நெற்றிச் சைனஸிலும் குத்தக் கூடாது. ஊசி இறங்கும் கணத்தில் பி.பி. எகிறும். மயக்க மருத்துவரிடம் "போடறேன்" என்று சொல்லி, அவர் தலையசைத்த பிறகுதான் இறுக்கவேண்டும்.

ஜூன் 11, புதன்

மூளைநீர் டிரெயின் வைத்தவரின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டவேண்டியது: கட்டிலைத் தூக்கும் முன் குழாயை மூடு. அளவுகோலின் பூஜ்யம் காதுத் துவாரத்துக்கு நேர், சொட்டும் வாய் அதற்கு 10–15 செ.மீ. மேலே. உறவினர் சாப்பாடு கொடுக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தினால் டிரெயின் கீழே நின்றுவிடும், நீர் கொட்டும். மூளை சுருங்கி மேலுள்ள ரத்தநாளங்கள் அறுந்தால் ரத்தக்கட்டு. மூளை ஒரு மணி நேரத்தில் சுரப்பதே சுமார் 20 மி.லி.தான். அதைத் தாண்டினால் உயரத்தைப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை, குழாயில் நீர்மட்டம் துடிக்கவும் இல்லை என்றால் அடைப்பு. சிரிஞ்சால் நீங்களாகத் தள்ளவேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய ரத்தக்கசிவு அதிகம் தலைகாட்டுவது முதல் ஆறு மணி நேரத்தில். ஜி.சி.எஸ். (நினைவு நிலைக்கான மதிப்பெண்) 2 குறைந்தால் "தூக்கம்" என்று எழுதாமல் சி.டி.க்குக் கொண்டுபோகவேண்டும்.

ஜூன் 14, சனி

வீட்டுக்குப் போகிறவர்களின் சீட்டு. டெக்சாவைப் பட்டென்று நிறுத்தக் கூடாது. தேதி போட்டு, எந்த நாளில் எத்தனை மாத்திரை என்று தமிழிலோ தெலுங்கிலோ எழுதிக் கொடுப்பது. கடைசி வேளை மத்தியானத்தோடு முடியட்டும், ராத்திரி போட்டால் தூக்கம் வராது. வலிப்பு மாத்திரை மருத்துவர் சொல்லும்வரை ஒரு வேளைகூட விடக் கூடாது. குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீராகச் சொட்டினால் சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே வரவேண்டும்.

டிஸ்க் தள்ளியவர்களில் பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் கத்தியில்லாமலே தேறுவார்கள். சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடத்தில் உணர்ச்சியின்மை, பாதம் தூக்கமுடியாமை இருந்தால் கணக்கே வேறு. முதலிரண்டுக்கும் மணி நேரத்தில்தான் கணக்கு.

ஸ்கேன் பதிந்த சி.டி. தகட்டையும் பயாப்சி பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதை) கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பதியோ வேலூரோ சென்னையோ, அடுத்த இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான். காப்பீடு ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்பதைப் பார்த்தே நடக்கும். ஆந்திராவின் நகரியில் கார்டு, தமிழ்நாட்டுத் திருத்தணியில் குடியிருப்பு என்றால் அட்மிஷனுக்கு முன்பே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.