2819 ராத்தல் பூசணிக்குத் தாய் யார், தகப்பன் யார்?

"2145 மக்மல்லன் 2015." இது ஒரு பூசணி விதையின் பெயர். 2145 என்பது அந்த விதை இருந்த காயின் எடை, ராத்தல் கணக்கில். மக்மல்லன் அதை வளர்த்தவரின் குடும்பப் பெயர், 2015 அது விளைந்த ஆண்டு. இராட்சதப் பூசணி வளர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் விதைக்குப் பெயர் எழுதுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே தாய்க்கொடி எந்த விதையிலிருந்து வந்தது, மகரந்தம் தந்த கொடி எந்த விதையிலிருந்து வந்தது என்று இரண்டு பெயர்கள் இருக்கும், தாய் முதலில், தகப்பன் பிறகு. அந்த இரண்டுக்கும் தாய் தகப்பன் உண்டு, அப்படியே பாட்டன் பூட்டன் என்று பிடித்துக்கொண்டு போனால் ஐம்பது வருசத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம். சில காலமாக இரவில் இந்த வம்ச அட்டவணைகளைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களை நினைக்காமல் அவற்றை வாசிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நம்பமாட்டீர்கள். 2025 ஒக்டோபரில் இங்கிலாந்தில் இயன் பேட்டன், ஸ்டுவர்ட் பேட்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள் நிறுவைக்குக் கொண்டுவந்து உலக சாதனை எடுத்த பூசணி 2819 ராத்தல், அதாவது 1278.8 கிலோ. எங்கள் வெங்காயக் கணக்கில் சொன்னால் 25 அந்தருக்கும் மேல். ஒரே காய், ஒரே காம்பு! படத்தில் பார்த்தால் உருண்டையாக இருக்காது, பாரம் தாங்காமல் அடி பரந்து ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். அப்படித் தட்டையாகப் பரந்து வளர்வதால்தான் அது வெடிக்காமல் தப்புகிறது என்று ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூ என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சாதனைக் கதை ஒன்ராறியோவில் தொடங்குகிறது. ஒன்ராறியோ என்றால் எங்கள் ஆட்களுக்கு ரொறன்ரோ, ஸ்காபரோ. இது அங்கிருந்து மேற்கே, ஹூரன் ஏரிக்கரையில் இருக்கிற கொடரிச் என்ற சின்ன ஊர். அந்த ஊர் வில்லியம் வார்னொக் 1893 சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு 365 ராத்தலில் ஒரு பூசணி கொண்டுபோனார். 1900 பாரிஸ் கண்காட்சிக்கு 400 ராத்தல். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கு 403. அவ்வளவுதான், அதற்குப் பிறகு 72 வருசம் அந்த 403ஐ யாராலும் தாண்ட முடியவில்லை. இடையில் இரண்டு உலகப் போர் நடந்தது, இரசாயனப் பசளை வந்தது, டிராக்டர் வந்தது, நீர் இறைக்கும் மிஷின் வந்தது, பூசணி மட்டும் அதே இடத்தில் நின்றது. 1976இல் பென்சில்வேனியாவில் பொப் ஃபோர்ட் என்பவர் 451 ராத்தலில் காய் எடுத்த பிறகுதான் வார்னொக்கின் கணக்கு உடைந்தது.

72 வருசத்தில் ஒன்றும் கூடவில்லை. அதற்குப் பின் வந்த 49 வருசத்தில் 451 இலிருந்து 2819, ஆறு மடங்குக்கு மேல். இந்த இடைவெளிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மண் மாறவில்லை, வெயில் மாறவில்லை. என்னதான் மாறியது?

மாறியதில் பெரும்பங்கு ஒரு பால்பண்ணைக்காரரைச் சேரும் என்பது என் முடிவு. ஹவர்ட் டில், கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து விண்ட்சர் ஊர்க்காரர். தகப்பனும் கண்காட்சிக்குப் பூசணி வளர்த்தவர். டில் மரபியல் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை, தானே வாசித்துப் பழகியவர். பழைய மாமத் வகைப் பூசணிகளை எடுத்து, பெரிய காயைப் பெரிய காயோடு கையால் மகரந்தம் சேர்த்து, வருசக்கணக்காக, யார் யாருக்குப் பிறந்தது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். 1979 தொடக்கம் 1982 வரை நாலு வருசமும் தொடர்ந்து உலகப் பட்டம் அவருக்குத்தான். 1981இல் எடுத்த காய் 493.5 ராத்தல். அந்த வகைக்கு அட்லாண்டிக் ஜயண்ட் என்று பெயர் வைத்து, 80களில் அமெரிக்காவில் அதற்குப் பயிர்வகைப் பாதுகாப்பு என்ற சட்ட உரிமையும் எடுத்தார். 2008இல் காலமாகிவிட்டார். இன்றைக்கு நிறுவைக்கு வருகிற இராட்சதப் பூசணிகளில் ஏறக்குறைய எல்லாமே அவருடைய விதையின் பேரன் பேத்திகள்தான். அவருடைய ஊரில் 1999இல், பெரிய பூசணிகளைக் குடைந்து வள்ளமாக்கி ஏரியில் துடுப்புப் போட்டு ஓட்டுகிற போட்டியும் தொடங்கினார்கள். எங்கள் வல்வெட்டித்துறைப் பக்கத்துக் கடலோடிகள் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

அதன்பிறகு நடந்தது ஒரு ஓட்டம். 1984இல் 612. 1996இல் நியூயோர்க் மாநிலத்தில் ஸேர் தம்பதி 1061 எடுத்து ஆயிரத்தைத் தாண்டினார்கள். 2012இல் றொன் வொலஸ் 2009 ராத்தல், அமெரிக்கக் கணக்கில் ஒரு தொன் தாண்டிய முதல் பூசணி அதுதான். பிறகு சாதனை ஐரோப்பாவுக்குப் போனது: 2014 சுவிஸில் பெனி மையர் 1054 கிலோ, 2016 பெல்ஜியத்தில் மத்தியாஸ் வில்லெமைன்ஸ் 1190.5 கிலோ, 2021 இத்தாலியில் ஸ்டெஃபானோ குத்ருப்பி 1226 கிலோ. 2023இல் டிராவிஸ் கிங்கர் அதை மறுபடி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், 1247 கிலோ. 2025இல் பேட்டன் சகோதரர்கள்.

ஆனால் சாதனைப் பட்டியலை மட்டும் வாசித்தால் விசயம் பிடிபடாது. தொடக்கத்தில் சொன்ன 2145 மக்மல்லனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அது உலக சாதனையே இல்லை, அதற்கு முந்தின வருசமே மையரின் காய் அதைவிட நன்றாகப் பெரிது. ஆனால் அதன் விதையைப் போட்டவர்கள் பலருக்கு 2000 ராத்தலைத் தாண்டிய காய்கள் வந்தன, அதனால்தான் அந்த விதைக்கு அவ்வளவு பெயர். ஒரு காய் பெரிதாக வருவதற்கு நல்ல மண், அந்த வருசத்து வெயில், வளர்த்தவரின் பாடு என்று நூறு காரணம் இருக்கும். அதன் பிள்ளைகளும் வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆட்களின் கையில் பெரிதாக வந்தால்தான் அது விதையின் குணம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு காயிலிருந்து வருகிற சில நூறு விதைகளையும் ஒருவரே வைத்துக்கொண்டிருந்தால் சரிவராது, கொடுக்கவேண்டும். அவர்கள் கொடுக்கிறார்கள். பெயர்போன விதை ஒன்று ஏலத்தில் நூற்றுக்கணக்கான டொலருக்குப் போவதும் உண்டுதான், அந்தக் காசு பெரும்பாலும் அவர்களுடைய சங்கங்களின் செலவுக்குப் போகும். ஆனால் அதைவிடக் கூடுதலான விதைகள் தபால் உறையில் சும்மா போகின்றன, முன்பின் தெரியாத ஆளுக்கு. வாங்கினவர் அடுத்த வருசம் தன் காயின் எடையையும் அது யாரோடு சேர்ந்து பிறந்தது என்பதையும் எல்லோருக்கும் தெரியச் சொல்லவேண்டும், அதுதான் அதற்குரிய விலை.

பூ கட்டுகிற வேலையையும் சொல்லவேண்டும். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த நாள் விரியப்போகிற பெண்பூவை அவர்கள் முதல்நாள் பின்னேரமே மூடிக் கட்டிவிடுவார்கள், ஆண்பூவுக்கும் அதேதான், தேனீ முந்திவிடக்கூடாது. விடிய எழும்பி, தாங்கள் தீர்மானித்த கொடியின் ஆண்பூவைப் பிடுங்கி இதழைக் கிழித்துவிட்டுப் பெண்பூவுக்குள் தடவி, மறுபடி மூடிக் கட்டுவார்கள். தன் கொடியின் ஆண்பூவையே தடவினால் அதற்கு ஒரு குறிப்பு, தேனீ தன்பாட்டுக்குச் செய்ததென்றால் அதற்கு வேறு குறிப்பு. தகப்பன் யாரென்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுவார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிறகு ஒரு கொடிக்கு ஒரு காய்தான், மற்றப் பிஞ்செல்லாம் கிள்ளிவிடுவார்கள். ஒரு கொடிக்கு விடுகிற நிலம் எங்கள் ஒரு பரப்பில் மூன்றில் ஒரு பங்கு வரும். கொடியைக் கணுவுக்குக் கணு மண்ணுக்குள் புதைத்து வேர் விடவைப்பார்கள். நல்லாய் வளர்கிற நாட்களில் காய் ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேலும் ஏறும். அவ்வளவு சர்க்கரையும் எப்படிக் காய்க்குப் போய்ச் சேருகிறது என்று ஜெசிகா சவேஜ் என்ற தாவரவியலாளரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். இலையில் செய்த சர்க்கரையைக் கொண்டுபோகிற புளோயம் என்ற திசு இந்த இராட்சத வகைகளில் கூடுதலாக இருக்கிறது, கண்டுபிடிப்பின் சாரம் அதுதான். டில்லுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் பெரிய காயைத் தெரிந்தெடுத்தார், கொடி தனக்குள்ளே வழியை அகலமாக்கிக்கொண்டது.

சரி, இதை யாழ்ப்பாணத்தில் வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். விதை வாங்கி முளைக்கவைக்கலாம், சாதனை எடுக்க முடியாது. அது வளர்கிற நாடுகளில் கோடையில் பகல் 15, 16 மணித்தியாலம், இரவு குளிர். எங்களுக்குப் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டித்தான், இரவும் வெக்கை. அதோடு அது குகர்பிற்றா மக்ஸிமா என்ற இனம், நாங்கள் கறிக்கு வாங்குகிற பூசணி பெரும்பாலும் மொஸ்காற்றா என்ற வேறு இனம், இரண்டும் இலகுவில் சேர்ந்து விதை கட்டாது. ஆகவே அந்த மகரந்தத்தை இங்கே தடவினால் எங்கள் பூசணி பெருக்கும் என்று யாரும் காசைச் செலவழிக்கவேண்டாம்.

எனக்கு வேண்டியது அந்த விதை இல்லை, அவர்கள் வம்சம் எழுதிவைக்கிற அந்தக் கொப்பி. மாம்பழத்தில் எங்களுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் இருக்கிறது. கறுத்தக்கொழும்பான் ஒட்டு என்றால் எந்த வளவு மரத்தில் எடுத்தது என்று கேட்டுத்தான் வாங்குவோம். கத்தரிக்குத் திருநெல்வேலி ஊதா என்று எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரிலேயே ஒரு வகை இருக்கிறது. ஆனால் பூசணி, புடோல், பயற்றை? எங்கள் ஆச்சி விதைக்கென்று கொடியிலேயே முற்றவிட்ட காயின் விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்து, சீலையில் முடிந்து அடுப்படிக்கு மேலே செருகிவைப்பா. கோண்டாவில், உரும்பிராய், புத்தூர்ச் செம்மண்ணில் எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு முடிச்சு இருந்தது. அந்த விதைகள் எங்கேயிருந்து வந்தன, எந்தக் காய் மாப்பிடிப்பு, எந்தக் காய் வெட்டாமல் மாசக்கணக்கில் இருக்கும் என்பதெல்லாம் ஆச்சிமாரின் தலைக்குள்ளேதான் இருந்தன. இடம்பெயர்ந்து போனபோது முடிச்சை எடுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள், எடுக்க முடியாமல் போனவர்கள்தான் கூட. திரும்பிவந்து கடை விதை வாங்கிப் போட்டோம். கடை விதையைக் குறை சொல்லவில்லை, அதில் காய் நன்றாகவே வருகிறது. ஆனால் கலப்பின விதையின் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல வராது, அதனால் வருசா வருசம் கடைக்குத்தான் போகவேண்டும்.

இராட்சதப் பூசணிக்காரர்களிடம் ஒரு விசயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எடை ஒன்றையே பார்த்துத் தெரிந்தெடுத்ததால் அந்தக் காயில் சுவை இல்லை, தண்ணீரும் நாரும்தான், சமைக்க உதவாது. எங்களுக்குப் பூசணி என்றால் தேங்காய்ப்பால் விட்ட கறி. ஆகவே பெயர் எழுதுகிற முறையை அவர்களிடம் எடுத்துக்கொண்டு, எதை அளப்பது என்பதை நாங்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.

இந்த மாரி கழிந்து பூசணி போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், அயலில், கடை விதை இல்லாத பழைய பூசணிக்கொடி ஒன்று இருந்தால் ஒரேயொரு பெண்பூவை முதல்நாள் பின்னேரம் நூலால் கட்டுங்கள், அதே கொடியின் ஆண்பூ ஒன்றையும் கட்டுங்கள். வெள்ளென எழும்பித் தடவிவிட்டு மறுபடி கட்டி, காம்பில் ஒரு துணித்துண்டு முடிந்துவிடுங்கள். பூசணியில் தன் மகரந்தமே சேர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. காய் நன்றாக முற்றின பிறகு வெட்டி, விதையை எடுத்துவைத்துவிட்டுச் சதையைக் கறி வையுங்கள். விதைப் பொட்டலத்தில் ஊர், ஆண்டு, விதை யார் தந்தது, கட்டின பூவா தேனீ செய்ததா, காயின் எடை, எத்தனை நாள் வெட்டாமல் இருந்தது, கறிக்கு எப்படி இருந்தது, இவ்வளவையும் எழுதுங்கள். பாதி விதையை வைத்துக்கொண்டு மற்றப் பாதியை வேறு ஊரில் இருக்கிற ஒருவருக்குக் கொடுங்கள், அவரையும் இதையே எழுதச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் இருக்கிற ஒரு கொடிக்கு நான் இதைச் செய்யப்போகிறேன், விதை வேண்டுமென்றால் கேளுங்கள், சும்மா தருவேன்.